பொருளைப் பார்க்காமலே விலை பேசுபவர்

தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் நடக்கும் நேரத்தில் ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். நூற்பாளர் வருவார். குவியலுக்குள் கையை விட்டு, அடியில் கிடக்கும் கூட்டை எடுப்பார். அழுத்திப் பார்ப்பார், காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார், கறைபட்ட கூடும் இரட்டைக் கூடும் எத்தனை கலந்திருக்கின்றன என்று கிளறுவார். முகத்தைச் சுளிப்பார். அதற்குப் பிறகுதான் ஒரு விலை வாயிலிருந்து வரும். அதுவும் விவசாயி மனதில் வைத்திருந்ததைவிடக் குறைவாகத்தான் வரும்.

வியாபாரம் தெரிந்தவர்கள் வாங்கும் விதம் இதுதான். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியிலும் சரி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி பேச வருபவர்களிடமும் சரி, பொருளில் ஒரு குறையாவது சொல்லாமல் விலை கேட்டவரைப் பார்க்க முடியாது.

அதே மாவட்டத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். மகன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் ஆசையாக வாங்கிய கேமரா பீரோவில் தூங்குகிறது. விற்றுவிடலாம் என்று நாலு படம் எடுத்து, விலை 35,000 ரூபாய் என்று இணையத்தில் விளம்பரம் போடுகிறார் அப்பா. ஒரு மணி நேரத்தில் செய்தி வருகிறது. "நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். பொருள் பிடித்திருக்கிறது. நீங்கள் கேட்ட விலையோடு கூரியர் செலவுக்கு 10,000 சேர்த்துத் தருகிறேன். என் உறவினருக்குப் பரிசு. விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்." லென்ஸில் கீறல் உண்டா, எத்தனை வருடப் பொருள், பேட்டரி தாங்குமா என்று ஒரு கேள்வி கிடையாது. பேரமும் கிடையாது.

அங்காடியில் பத்து வருடம் கூடு விற்றவருக்கு இந்த இடத்திலேயே உறுத்த வேண்டும். ஆனால் உறுத்துவதில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர், பவுண்டில் சம்பாதிப்பவர், இந்தக் காசு அவருக்கு ஒரு பொருட்டா என்று மனம் தானாகவே சமாதானம் தேடிக்கொள்கிறது. ஏமாற்றுக்காரர் நம்பியிருப்பது இந்தச் சமாதானத்தைத்தான். பெரும்பாலும் அவர் இங்கிலாந்தில் இருப்பதுமில்லை. மேலே சொன்ன வீடும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வீடல்ல. இந்த மோசடி எந்த ஊரில் நடந்தாலும் இதே வரிசையில்தான் நடக்கிறது.

அடுத்த நாள் ஒரு மின்னஞ்சல் வரும். இணையவழிப் பணம் அனுப்ப உதவும் பேபால் நிறுவனத்தின் சின்னம், நிறம், கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். "உங்களுக்கு இவ்வளவு பணம் செலுத்தப்பட்டுவிட்டது. பார்சலை அனுப்பி டிராக்கிங் நம்பரைக் கொடுத்தவுடன் உங்கள் கணக்கில் சேர்க்கப்படும்" என்று அதில் எழுதியிருக்கும். பணம் எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக நிற்கிறது, நாம் பார்சலைக் கட்டினால் நம்மிடம் வந்துவிடும் என்று தோன்றும். கூரியர் ரசீது எண்ணை அனுப்பிய பிறகு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

இங்கே கைகொடுக்கும் விவரம் ஒன்று உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. இங்குள்ள விற்பனையாளர் அதில் வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்துதான் பணம் பெற முடியும். ஆகவே "மும்பையில் இருக்கும் என் ஏஜென்ட் பேபாலில் போடுவார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இன்னொன்று, பேபால் சில சமயம் புதிய விற்பனையாளரின் பணத்தை நிறுத்தி வைப்பது உண்மைதான். ஆனால் அப்படி நிறுத்தினாலும் அந்தத் தொகை நம் கணக்குக்குள் கண்ணுக்குத் தெரியும். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், நாமே தனியாகக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தெரியாத பணம் எங்கும் இல்லை.

மின்னஞ்சலுக்குப் பதிலாகக் காசோலை வருவதும் உண்டு. பழைய தந்திரம் இது. 35,000 ரூபாய்க்கான பொருளுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு வெளிநாட்டு வங்கிக் காசோலை வரும். "தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன், மீதியை என் ஷிப்பிங் ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார். வெளிநாட்டுக் காசோலையை இங்குள்ள வங்கி வசூலுக்கு அனுப்பி, பதில் வர வாரக்கணக்கில் ஆகும். கணக்கில் வரவு வைத்த பிறகும் காசோலை போலி என்று தெரிந்தால் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் 'மீதி' என்று அனுப்பியது நம் சொந்தப் பணமாகப் போயிருக்கும். 

இதன் உள்ளூர்ப் பதிப்புதான் கியூஆர் குறியீடு. வெளிநாட்டில் இருப்பதாகவோ எல்லையில் ராணுவத்தில் இருப்பதாகவோ சொல்பவர், "இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் வந்துவிடும்" என்று ஒரு படத்தை அனுப்புவார். யு.பி.ஐ.யில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகிறது என்றுதான் பொருள், வருகிறது என்று ஒருநாளும் ஆகாது. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் 'பணம் கேட்டு' அனுப்பும் கோரிக்கை வசதியை, இந்த ஏமாற்று பெருகியதால், தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அந்த வழி அடைபட்டது. கியூஆர் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்கவே வராதவர்கள் செய்யும் வேலை. உண்மையிலேயே பொருளை வாங்கி, கையில் பெற்றுக்கொண்டு, பிறகு ஏமாற்றுகிறவர் இன்னொரு ரகம். கைவினைப் பொருள், தேன், சிறுதானிய மாவு, பழைய நாணயம், தபால்தலை என்று சிறு அளவில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களை அதிகம் அழவைப்பவர் இவர்தான். அரூர் வட்டத்துச் சிட்லிங் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமார் போட்ட தையலை மீட்டெடுத்து, அதைப் பிழைப்பாகவும் ஆக்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு துணியில் நாட்கணக்கான உழைப்பு இருக்கிறது. அது கடல் தாண்டிப் போய்ப் பணம் வராமல் நின்றால், போனது துணி மட்டுமா?

இந்த ரகத்தார் கையில் எடுக்கும் ஆயுதம் சார்ஜ்பேக். வாங்கியவர் தன் கிரெடிட் கார்டு வங்கியிடம் "நான் இதை வாங்கவில்லை" என்றோ "பொருள் வரவில்லை" என்றோ "சொன்னபடி இல்லை" என்றோ புகார் சொன்னால், விற்றவருக்கு ஏற்கெனவே வந்துசேர்ந்த பணம் திரும்ப இழுக்கப்படும். பேபாலில் வாங்குபவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். ஆறு மாதம்! பண்டிகைக்கு விற்ற பணத்தில் பள்ளிக் கட்டணமும் கட்டி முடித்த பிறகு ஒருநாள் கணக்கு கழித்தல் குறியில் நிற்கும். இது வாங்குபவரின் பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். போலி விற்பனையாளர்கள் இருக்கும் உலகத்தில் அது வேண்டும். ஆனால் அதையே பிழைப்பாக வைத்திருக்கும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதை விற்பனைத் தளங்கள் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தின் கதையே இதற்குச் சான்று. 2004ல் பாஸி டாட் காம் நிறுவனத்தை வாங்கி ஈபே இந்தியாவுக்குள் வந்தது. அதன் இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்கும் இந்திய விற்பனையாளர்கள் மட்டும் இன்றும் ஈபேயின் வெளிநாட்டுத் தளங்களில் இருக்கிறார்கள். 2008ல் ஈபே ஒரு விதியை மாற்றியது. வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையாக எதுவும் பதிவுசெய்ய முடியாது என்பதே அது. வாங்குபவர்கள் பழிவாங்கலுக்குப் பயந்து உண்மையைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். விளைவு என்னவென்றால், பத்து விற்பனையாளரை ஏமாற்றியவரும் பதினொன்றாமவரிடம் வெள்ளைச் சட்டையோடு வந்து நிற்கலாம். மீதமிருக்கும் வழி, அவரைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதும் தளத்திடம் புகார் சொல்வதும்தான். அதைச் சோம்பல் பார்க்காமல் செய்ய வேண்டும். ஒரே பெயர் மேல் பல புகார்கள் சேரும்போதுதான் தளம் திரும்பிப் பார்க்கிறது.

சின்னச் சின்ன விண்ணப்பங்களாக வரும் பொறிகளும் உண்டு. பணம் கட்டிய பிறகு, "நான் வேறு வீட்டில் இருக்கிறேன், இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று கேட்பார் ஒருவர். இதில் என்ன இருக்கிறது என்று அனுப்பினால், பணம் செலுத்திய பதிவில் இருக்கும் முகவரிக்குப் போகாத பார்சலுக்கு விற்பனையாளர் பாதுகாப்பு கிடையாது. இன்னொருவர், "சுங்க வரி குறையும், பெட்டியில் பரிசு என்று எழுதி விலையைப் பத்து டாலர் என்று போடுங்கள்" என்பார். பொய்யான விலை குறிப்பது குற்றம் என்பது ஒருபுறம். பார்சல் தொலைந்தால் எழுதிய விலைக்குமேல் இழப்பீடு வராது என்பது மறுபுறம். அமெரிக்கா 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்குக் கொடுத்துவந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியபோது இந்த விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு சாக்கு கிடைத்தது. அந்த மாதம் 25ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் 15 முதல், வரியை அனுப்பும்போதே கட்டிவிடும் முறையோடு மீண்டும் தொடங்கியது. வரியை யார் கட்டுவது என்பதை விலையோடு சேர்த்து முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளாத விற்பனையாளர், வாங்கியவர் வாசலில் பார்சலை மறுத்துவிட்டால் போய்வரும் செலவையும் தானே சுமக்க வேண்டிவரும்.

எழுத்தில் பேசுவது என்றதும் தமிழ்நாட்டின் பழைய ஏற்றுமதிக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பிற்காலத்தில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர், 1958ல் ஓர் அமெரிக்க வியாபாரிக்கு மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணியைக் கெஜம் ஒரு டாலர் விலைக்கு விற்றார். 10,000 கெஜம். அது புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் சட்டைகளாக விற்பனைக்கு வந்தது. சாயம் போகும், குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் சொல்லியிருந்தார். அந்த எச்சரிக்கை கடைக்கும் போகவில்லை, துணி வாங்கியவர்களுக்கும் போகவில்லை. வண்ணம் கரைந்து ஓடியதும் வழக்கு மிரட்டல் நாயரைத் தேடி வந்தது. ஒரு பத்திரிகைப் பேட்டியின் வழியாக, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் அற்புதத் துணி என்று அதற்குப் பெயர் வந்து, குறையே மவுசாக மாறியது. 'இரத்தம் கசியும் மெட்ராஸ்' என்று பொருள்படும் பெயரில் அந்தத் துணி இன்றும் பேசப்படுகிறது.

நாயருக்கு ஒரு பத்திரிகைப் பேட்டி கைகொடுத்தது. இயற்கைச் சாயத் துணியை ஆன்லைனில் விற்கும் சிறு குழுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே சாயம் கொஞ்சம் போகும், கைத்தையலில் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது, தேன் குளிரில் உறையும் என்பதையெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பொருளை, எடை இயந்திரத்தின் மேல் வைத்து, பெட்டிக்குள் போட்டு, ஒட்டி முடிக்கும் வரை ஒரே மூச்சில் செல்போனில் படம் எடுத்துவைப்பதும் நல்லது. வாங்கியவர் வேறு பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு இதுதான் வந்தது என்று சாதிக்கும்போது அந்த இரண்டு நிமிடப் படம் பேசும்.

பெரிய அளவில் அனுப்புகிறவர்களின் நிலைமை வேறு. 2004ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானாலும் மாந்தோப்புகளுக்கு எல்லை கிடையாது. பெங்களூரா மாம்பழம் கூழாகி இந்தப் பகுதி ஆலைகளிலிருந்து வெளிநாடுகளுக்குப் போகிறது. கிரானைட் போகிறது. புளி போகிறது. இதைப் பார்த்து, ஏற்றுமதி செய்தால் என்ன என்று பத்து எழுத்து ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு வாங்கி இணையச் சந்தைகளில் பெயர் பதிந்துகொள்ளும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பான் எண்ணே இப்போது அந்தக் குறியீடு என்பதால் பதிவது எளிது. பதிந்த சில வாரங்களில் முதல் 'ஆர்டர்' வரும். ஏதோ ஒரு நாட்டு அமைச்சகத்தின் பெயரில், முத்திரையோடு, நூறு டன் கேட்டு. பேரம் இருக்காது. ஆனால் "எங்கள் நாட்டில் உங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும், வழக்கறிஞர் கட்டணம் இவ்வளவு, ஒப்பந்த முத்திரைக் கட்டணம் இவ்வளவு" என்று பில் வரும். வாங்குகிறவர் விற்கிறவரிடம் முதலில் பணம் கேட்டால் அங்கே வாங்குகிறவர் இல்லை. அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கு, இப்படி ஒரு நிறுவனம் உண்டா என்று எழுதிக் கேட்கலாம். செலவில்லாத வழி அது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கடிதம் எல்லாம் பொய் என்று ஒதுக்குவதும் தவறு. இந்தியப் பொருளை நேர்மையாக வாங்கும் பல்லாயிரம் வியாபாரிகள் அங்கே இருக்கிறார்கள்.

பணம் முன்னால் கேட்காத, ஆனால் அதைவிட வலிக்கும் தந்திரம் துறைமுகத்தில் நடக்கிறது. சரக்கு வந்து இறங்கும் வரை வாங்குபவர் இனிக்க இனிக்கப் பேசுவார். இறங்கியதும், "தரம் சரியில்லை, பாதி விலைதான் தருவேன்" என்பார். கன்டெய்னர் நிற்க நிற்க வாடகை ஏறும். மாங்காய்க்கும் காய்கறிக்கும் நாள் கணக்கு உண்டு. திருப்பிக் கொண்டுவரலாம் என்றால் கப்பல் செலவு, சில நாடுகளில் முதலில் பெயர் போட்ட இறக்குமதியாளரின் சம்மதமும் வேண்டும். பட்டுக்கூடு விவசாயிக்கு இந்த நெருக்கடி புரியும். கூட்டைச் சில நாளுக்குள் விற்காவிட்டால் உள்ளேயிருந்து அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு அது நூற்புக்கு ஆகாது. நேரம் தன் பக்கம் இல்லை என்று தெரிந்தவரை மிரட்டுவது எளிது.

அப்படியானால் கூடு விவசாயி எப்படித் தைரியமாக வருகிறார்? நடுவில் ஒருவர் நிற்கிறார் என்பதால்தான். ஏலமும் எடையும் பட்டு வளர்ச்சித் துறை அலுவலர்கள் கண்முன்னால் நடக்கின்றன. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரும் அங்காடியை நம்பினால் போதும். வெளிநாட்டு விற்பனையிலும் அப்படி நிற்க ஆட்கள் இருக்கிறார்கள். நாம்தான் அழைத்து நிறுத்த வேண்டும்.

முதல் ஆள் வங்கி. எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதத்தில், குறித்த ஆவணங்களைக் குறித்தபடி கொடுத்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கியே பொறுப்பேற்கிறது. பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகப் பேரவையின் யு.சி.பி. 600 என்ற விதிகள், 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பவை, இதை ஆள்கின்றன. ஆவணம் வந்த 5 வங்கி வேலை நாட்களுக்குள் வங்கி ஏற்கிறதா மறுக்கிறதா என்று சொல்லியாக வேண்டும். வங்கி சரக்கைத் திறந்து பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். அதனால் பில்லில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் நேர்மையற்றவருக்கு அது சாக்காகிவிடும். ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்க்க வேண்டும். எல்.சி.யிலும் போலி உண்டு. உண்மையான எல்.சி. வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக நம் வங்கிக்கு வரும், வங்கிதான் நமக்குச் சொல்லும். வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். வெறும் படம்.

எல்.சி. கிடைக்காத இடத்தில், பணம் கட்டினால்தான் ஆவணம் கையில் என்ற ஏற்பாட்டில் வங்கி வழியாக அனுப்பலாம். கப்பல் சரக்கில் பில் ஆஃப் லேடிங் என்ற ஆவணம்தான் சரக்கின் சாவி. விமானச் சரக்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏர்வே பில்லில் யார் பெயர் பெறுநராக இருக்கிறதோ அவர் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆகவே, வங்கியின் முன்சம்மதம் பெற்று அதன் பெயரையே பெறுநராகப் போடுவது பழைய ஏற்றுமதியாளர்களின் வழக்கம்.

இரண்டாம் ஆள் இ.சி.ஜி.சி. 1957ல் மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம். வாங்குபவர் திவாலானாலும், காலம் கடந்தும் பணம் தராவிட்டாலும், பாலிசி விதிகளுக்கு உட்பட்டு இழப்பின் பெரும்பகுதியைத் தருகிறது. சிறு ஏற்றுமதியாளருக்கென்று தனிப் பாலிசியும் உண்டு. இழப்பீட்டைவிடப் பெரிய உதவி, வாங்குபவரை அது முன்பே விசாரித்து, எவ்வளவுக்கு நம்பலாம் என்று வரம்பு சொல்வதுதான். கோவையிலும் திருப்பூரிலும் கிளைகள் இருக்கின்றன. தருமபுரியிலிருந்து ஒருநாள் பேருந்துப் பயணம். லட்சக்கணக்கில் சரக்கு அனுப்பும் முன் அந்த ஒருநாளைச் செலவழிக்கலாம். தகராறு வந்துவிட்டால், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் தரப் புகார்களுக்கும் வணிகத் தகராறுகளுக்கும் தனி ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023ன் 8ஆம் அத்தியாயம் அதைப் பற்றியது. அது நீதிமன்றம் ஆகாது என்றாலும், அரசுக் கடிதம் ஒன்று போனால் சிலர் இறங்கிவருவார்கள்.

கேமராவை விற்ற அப்பாவுக்கு இந்தப் பெரிய ஏற்பாடுகள் எதுவும் வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது 1930 என்ற இணைய மோசடி உதவி எண்தான். கியூஆர் ஸ்கேன் செய்தோ 'மீதி' என்று அனுப்பியோ பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே அழைக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் என்று சொன்னவருக்குப் போன பணமும் அநேகமாக இந்திய வங்கிக் கணக்கு ஒன்றில்தான் முதலில் விழுகிறது. அங்கிருந்து கைமாறுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியத் தளத்திலும் பதியலாம். தருமபுரியிலேயே மாவட்ட இணையக் குற்றப்பிரிவு காவல் நிலையம் இருக்கிறது. பேசிய செய்திகள், எண்கள், ரசீதுகள் எதையும் அழித்துவிடக் கூடாது.

பலர் அழைப்பதில்லை. மருமகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், படித்த பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாள் வெட்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் முட்டாள்கள் இல்லை. தொழிலாகவே ஏமாற்றுகிறவர்கள், தொழிலாக விற்காதவர்களிடம் வந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் இப்படி உட்கார்ந்திருந்தால், ஏன் ஏமாந்தாய் என்று கேட்காமல், அவர் செல்போனை வாங்கி 1930க்கு நீங்களே அழையுங்கள்.